வேலையை விடும் வேளை எது?

"எத்தனை நாளைக்குத்தான் மற்றவரிடம் சம்பளம் வாங்குவது? சொந்தமாக ஒரு தொழில் தொடங்கினால் என்ன?" கிராமங்களில் இக்கேள்வியை நாம் அடிக்கடி கேட்கிறோம். விடியுமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறும் யுவதியும், பிறருடைய கராஜில் வேலை செய்யும் இளைஞனும் இதனையே கேட்கின்றனர். இந்த ஆவல் நல்லது. உழைப்பு மனித மாண்புக்குரியது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டின் சுற்றுமடலில் போதித்தார். ஆனால் ஆவல் மட்டும் அடுப்பெரிக்காது.

முதலில், விடப்போகும் வேலையில் தமக்குரியது எது என அறிய வேண்டும். 15 பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்து வருட சேவையை நிறைவு செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளம் பெறுபவருக்கு அது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாலரை வருடத்தில் கோபித்துக்கொண்டு விலகுபவர் அதனை இழக்கிறார். ஊழியர் சேமலாப நிதியோ பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதிலேயே கைக்கு வரும். அதனை முதலாக எண்ணித் திட்டமிடலாகாது.

அடுத்தது சந்தை. வேலையில் இருக்கும்போதே மாலை வேளையிலும் ஞாயிறு பிற்பகலிலும் தொழிலைச் சிறிதாக நடத்திப் பார்க்கலாம். உறவினர் முகத்துக்காக ஒருமுறை வாங்குவர். அறியாதவர் இரண்டாம் முறையும் தேடி வந்தால், அதுவே நல்ல அடையாளம். ஆறு மாத வீட்டுச் செலவும் சேமிப்பில் இருக்குமாயின் துணிந்து விலகலாம் என்பது எமது கருத்து.

கடன் கிடைத்துவிட்டது என்பதற்காக மட்டும் வேலையை விடலாகாது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்யும் நிலை வந்ததை நாம் மறக்கலாகாது. கடன் கொடுப்பவர் தவணையைப் பார்ப்பார். வாடிக்கையாளரைத் தேடித் தரமாட்டார்.

கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவது பற்றி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறுகிறார். இக்கணக்கை இளையோர் தனியே பார்க்க விடுவது முறையல்ல. ஒரே கிராமத்தில் இருபது பேருக்குத் தையல் இயந்திரம் வழங்கிப் படம் எடுப்பதோடு தொண்டு நிறுவனங்களின் கடமை முடிவதில்லை. அவ்வூரில் எத்தனை தையலாளர் பிழைக்க முடியும் என்று முதலில் கணக்கிட வேண்டும். பங்குச் சபைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கு முன்வருமா?