கொழுந்து லொறியில் வேறு என்ன ஏறுது?

கொட்டகலை எண்ணெய்க் களஞ்சியத்திலிருந்து ஹட்டன் பக்கம் வரும் பவுசரைக் கண்டால் நாங்க எல்லாரும் கொஞ்சம் ஒதுங்குவோம். பக்கத்தில் நின்று யாரும் பீடி பத்தவைக்க மாட்டாங்க. நல்லதுதான். ஆனா மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதைக்குள்ள திரும்பினதும் அந்தப் பயம் எங்க போகுது?

புல்லுக்கு அடிக்கிற களைநாசினி கேன்களை, பூச்சிநாசினிப் போத்தல்களைச் சாதாரண லொறியிலயும் டிரெக்டர்லயும் கொண்டு வாறதை நாங்க பார்த்திருக்கோம். அதே வண்டிதான் கொழுந்து ஏத்தும், திருவிழாவுக்கு ஆள் ஏத்தும், அவசரம்னா பிரசவத்துக்குப் போறவங்களையும் ஏத்தும். அதுக்கு நாங்க வச்சிருக்கிற பேரு "மருந்து". மருந்துன்னா யாருக்குப் பயம் வரும்?

1958இல் கேரளத்தில் நடந்ததைச் சொல்லணும். பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில் கோதுமை மாவோடு ஃபோலிடால் என்ற பூச்சிமருந்தையும் ஏத்தியிருந்தாங்க. மருந்து கசிந்து மாவில் கலந்தது. அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் செத்துப்போனாங்க. யாரும் வேணும்னு விஷம் வைக்கல்ல. பக்கத்துல பக்கத்துல அடுக்கினாங்க, அவ்வளவுதான். அதுக்குப் பிறகுதான் இந்தியாவில் 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. உணவுப் பொருளில் படும்படி பூச்சிமருந்தை ஏத்தக்கூடாது என்று அதன் விதிகள் சொல்கின்றன.

ஐ.நா. ஆபத்தான சரக்குகளை 9 வகுப்பாகப் பிரிக்குது. பெட்ரோல் 3ஆம் வகுப்பு. நச்சுப் பொருள்கள் 6இல் வரும், மண்டையோட்டு லேபலோடு. இலங்கையிலும் 1980இலிருந்தே பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கு. ஆனா விதி என்றாலே எல்லாரும் டிரைவரைத்தான் பார்க்கிறாங்க. ஸ்டோர்ல ஏத்தச் சொன்னதை ஏத்துற அண்ணன், "ஆளையும் கேனையும் ஒண்ணா ஏத்த மாட்டேன்" என்று சொன்னா அடுத்த நாள் அவருக்கு வண்டி கிடைக்குமா? அதனால பொறுப்பு முதலில் ஏத்தச் சொல்றவருக்குத்தான்.

டிரைவருக்குத் தெரிய வேண்டியதும் இருக்கு. கேன் நிமிர்ந்து நிக்கணும், அசையாம கட்டணும். கசிந்தா கையுறை போட்டு மண்ணோ மரத்தூளோ கொட்டி உறிஞ்ச விடணும். தண்ணி ஊத்திக் கழுவக்கூடாது. லொறியை ஓடையில் இறக்கிக் கழுவவே கூடாது, கீழ் லயத்துக்குக் குடிக்கிற தண்ணி அங்கிருந்துதான் போகுது. இதையெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டையில் அடிச்சு வண்டிக்குள்ள ஒட்ட எவ்வளவு செலவாகும்?

அடுத்த முறை தலைவர்மார் தொரையோடு சம்பளம் பேசப் போகும்போது இதையும் கேட்கட்டும்: மருந்து ஏத்துற நாள்ல ஆளும் அரிசியும் ஏத்தாத தனி டிரிப்.