தோளுக்கு மேல் வளர்ந்த ப்ராஜெக்டுக்குத் தோழன் வேண்டாமா?

ஓப்பன் சோர்ஸ் உலகில் ஒரு நம்பிக்கை கேட்பாரில்லாமல் உலவுகிறது. வழிகாட்டி என்பவர் கத்துக்குட்டிகளுக்குத்தான். பத்து வருடம் தாக்குப்பிடித்து, உலகத்துக் கணினிகளிலெல்லாம் குடியேறிவிட்ட ப்ராஜெக்டுக்கு வெளியாள் வந்து புத்தி சொல்ல என்ன இருக்கிறது என்பதே அது. நிரல் எழுதத் தெரிந்தவனுக்குக் குழு நடத்தவா தெரியாது என்கிற மிதப்பு அதன் அடியில் இருக்கிறது. அந்த மிதப்புக்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்தாயிற்று. இன்னும் கொடுப்போம்.

நம் ஏற்பாடுகளும் இந்த நம்பிக்கையின் அச்சில் வார்த்தவைதான். கூகுள் 2005-இல் தொடங்கிய 'சம்மர் ஆஃப் கோட்'-இல் மென்டார் என்றால் மாணவருக்குக் கற்றுக்கொடுப்பவர். அப்பாச்சி அறக்கட்டளை 2002-இல் தொடங்கிய இன்குபேட்டரில் புதிதாக நுழையும் ப்ராஜெக்டுக்கு மென்டார்கள் உண்டு. உரிமங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, முடிவுகள் நாலு பேர் பார்க்க எடுக்கப்படுகின்றனவா, குழு முழுக்க ஒரே கம்பெனியின் ஆட்களா என்றெல்லாம் அவர்கள் கவனிப்பார்கள். நிரலைவிடச் சமூகமே பெரிது என்பது அந்த அறக்கட்டளையின் தாரக மந்திரம். ஆனால் ப்ராஜெக்ட் தேறி வெளியே வந்ததும் மென்டார்களின் வேலை முடிந்துவிடும். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் குழுவுக்கு ஓர் அறிக்கை, அவ்வளவுதான்.

தேறியவர்கள் தேறியே இருப்பார்களா? ஓப்பன் ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளைப் பாருங்கள். 2011-இல் ஆரக்கிள் அதை அப்பாச்சியிடம் ஒப்படைத்தது. 2012 அக்டோபரில் இன்குபேட்டரில் தேறியது. 2016 ஜூலையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை பகிரங்கமானது. அதை அடைத்த முழு வெளியீடு அக்டோபரில்தான் வந்தது. இடையில் செப்டம்பரில், ப்ராஜெக்டை மூட வேண்டி வந்தால் எப்படி மூடுவது என்று அதன் தலைவரே பேச்சைத் தொடங்க வேண்டியதாயிற்று. வேலையைத் தாங்கிப் பிடித்திருந்த தன்னார்வலர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊரறிந்த பெயருக்குப் பின்னால் ஆளில்லாமல் போவது ஒரே இரவில் நடப்பதில்லை. அப்பாச்சியில் ஒரு வெளியீட்டுக்கு நிர்வாகக் குழுவில் மூன்று பேராவது ஆதரித்து வாக்களிக்க வேண்டும். அந்த மூன்று பேரைத் தேடிப் பிடிக்கும் நிலை வரும்வரை எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றும்.

இதைவிடக் கொடிய பாடம் எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் இந்தச் சிறு கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. லாஸ்ஸே கொலின் என்ற ஒருவரே அதை ஆண்டுக்கணக்கில் பராமரித்து வந்தார். 2022-இல் குழு மின்னஞ்சலில் முன்பின் தெரியாத சில பெயர்கள் முளைத்தன. திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, புதிய பராமரிப்பாளர் வந்தால்தான் இது நகரும் என்று நச்சரித்தன. கொலின் எதையும் மறைக்கவில்லை. நெடுநாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்று எல்லோரும் படிக்கும்படி எழுதினார். 'ஜியா டான்' என்றொருவர் கைகொடுக்கிறார், வருங்காலத்தில் அவர் பங்கு பெரிதாகலாம் என்றும் சொன்னார். அப்படியே ஆயிற்று. அந்த ஜியா டான் வெளியீட்டுப் பொறுப்பு வரை ஏறிவந்து, 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் கள்ளக் கதவு ஒன்றை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் வழியே தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவப்போய், 2024 மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். பெரும்பாலான சர்வர்களுக்கு அது போய்ச் சேருவதற்குள் பிடிபட்டது நம் அதிர்ஷ்டம்.

போதுமான கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் தப்பாது என்பது ஓப்பன் சோர்ஸ் முன்னோடி எரிக் ரேமண்ட் காலத்திலிருந்து நாம் ஓதிவரும் வேதம். கொலினின் அந்த மடலையும் எந்தக் கண்ணும் படித்திருக்கலாம். அது திறந்தே கிடந்தது. நம் கண்கள் நிரலைப் பார்த்தன, அதை எழுதுகிறவரைப் பார்க்கவில்லை. அப்போது பக்கத்தில் வெளியாள் ஒருவர் இருந்திருந்தால் விபரீதம் நிச்சயம் நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி சாதாரணமானது: "இப்படி நெருக்குகிறார்களே, இவர்கள் யார்? இதற்கு முன் ஒரு வரியாவது எழுதித் தந்திருக்கிறார்களா?" களைத்துப்போன மனிதருக்கு இந்தக் கேள்வி எழாது. அதைக் கேட்பதற்குத்தான் இன்னொருவர் வேண்டும்.

எங்கள் நிரலின் நெளிவுசுளிவு தெரியாத வெளியாள் என்ன சொல்லிவிடப் போகிறார் என்பார்கள். மேலே சொன்ன கேள்வியைக் கேட்க ஒரு வரி நிரலும் தெரிய வேண்டியதில்லை. வளர்ந்த ப்ராஜெக்டுகளைச் சாய்ப்பவை பெரும்பாலும் நிரல் சாராத நோய்கள்தான்: சாவியை யாரிடம் கொடுப்பது, ஒதுங்க நினைக்கிற மூத்தவரை எப்படி வழியனுப்புவது, முரட்டு மேதையை யார் கண்டிப்பது.

பணம் கொடுங்கள், அறிவுரை வேண்டாம் என்பது அடுத்த வாதம். இதில் பாதி நியாயம் உண்டு. 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. அதன்பின் பெரிய கம்பெனிகள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகப் பணம் போட்டன, பலனும் கிடைத்தது. பணம் வரட்டும். ஆனால் ஜியா டான் காசு கேட்டு வரவில்லை, இலவச உழைப்போடு வந்தார். எந்த உழைப்பை நம்புவது என்பதைக் காசோலை சொல்லித் தராது.

மேலே அறக்கட்டளை இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா? இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது; அதுவே சிக்கலும்கூட. அதிகாரத்துக்கு எழுதும் அறிக்கையில் "குழு சுறுசுறுப்பாக இயங்குகிறது" என்றுதான் பேனா ஓடும். "நானும் இன்னொருவரும்தான் மிச்சம், அவரும் வேலை மாறுகிறார்" என்பதை மனிதர்கள் அதிகாரமில்லாதவரிடம்தான் முதலில் சொல்வார்கள்.

பெரியவர்கள் வெளி அனுபவத்தை நாடியதே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் கைடோ வான் ரோசம் பைத்தான் நிரல்மொழியின் தலைமையிலிருந்து விலகினார், வாரிசு யாரென்றும் சொல்லவில்லை. அந்தச் சமூகம் வீறாப்புக் காட்டவில்லை. ரஸ்ட், ஜாங்கோ, ஓப்பன்ஸ்டாக் போன்ற ப்ராஜெக்டுகள் தங்களை எப்படி நடத்திக்கொள்கின்றன என்று முறையாக ஆராய்ந்து ஆவணமாக்கியது. பிறகு மாற்று வழிகளை வாக்கெடுப்புக்கு விட்டு, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தது. இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு மொழிக்கு அடுத்த வீட்டு அனுபவம் தேவைப்பட்டது என்றால், உங்கள் ப்ராஜெக்ட் எம்மாத்திரம்?

புத்தி சொல்ல வந்தவர் நாட்டாமை ஆகிவிடுவாரோ என்ற அச்சத்தை மட்டும் நான் மதிக்கிறேன். அதற்கு வரம்பு கட்டலாம். குழு அழைத்தால் மட்டும் வர வேண்டும். வாக்குரிமையும் கூடாது, நிரலில் கைவைக்கும் உரிமையும் கூடாது. குழுவில் பெரும்பான்மையாக இருக்கும் கம்பெனியில் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. ஓராண்டு முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். அவர் சம்பளமில்லாத் தன்னார்வலராக வருவது இங்கே பலவீனமல்ல: அவருக்கு விற்க எதுவும் இல்லை, வேலையைத் தக்கவைக்க இனிக்க இனிக்கப் பேச வேண்டியதும் இல்லை. தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்றுதானே சொல்கிறோம்? வளர்ந்த பிள்ளையைத் தனியே விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லையே.

ஆகவே, நாங்கள் வளர்ந்துவிட்டோம் என்று மார்தட்டும் குழுக்களிடம் மூன்றே கேள்விகள். உங்களில் வெளியீட்டுச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? கடைசியாக ஒரு புதியவருக்கு முழு உரிமை கொடுத்தது எப்போது? உங்கள் பராமரிப்பாளர் தூங்கி எவ்வளவு நாளாயிற்று? மூன்றுக்கும் சட்டென்று பதில் வந்தால் வழிகாட்டி வேண்டாம். பதில் வராவிட்டால் இந்த வாரமே ஒருவரை அழையுங்கள். நீங்கள் அழைக்காவிட்டாலும், உதவுகிறேன் என்று யாராவது ஒருவர் வரத்தான் போகிறார்.