பாட்டைக் கட்டியவர் யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர் ஒருவர்)

"நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, அது மக்கள் நெஞ்சில் தானாக முளைத்தது" என்று பலர் கூறக் கேட்கிறோம். கேட்பதற்கு இனிமையான கருத்துத்தான். ஆனால், காட்டில் முளைக்கும் செடிக்கும் விதை ஒன்று வேண்டும் அல்லவா? எந்தப் பாட்டையும் முதன்முதலில் கட்டியவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். அவர் பெயரைத் தேடுவதும், தெரிந்தபின் மறவாமல் சொல்வதும் பாட்டைச் சுவைப்போரின் கடமை என்பது என் கருத்து. இதற்கு ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப் பாடல்களே தக்க சான்று.

அறிவியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. "ஆசிரியர் இல்லை" என்னும் சொல்லுக்குள் "படிக்காதவர்க்குப் படைக்கத் தெரியாது" என்ற எண்ணம் ஒளிந்து நிற்கிறதோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

ஆங்கிலப் பாடத்தில் நம்மில் பலர் படித்த வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை ஒன்றை நினைவுகூர்வோம். ஸ்காட்லாந்து மலைநாட்டில் தனியே கதிர் அறுத்துக்கொண்டு பாடும் பெண்ணைப் பற்றியது அது, 1807இல் வெளிவந்தது. நண்பர் ஒருவரின் பயணக் குறிப்பில் இருந்த ஒரு வாக்கியமே அக்கவிதைக்குத் தூண்டுகோல் என்பதைக் கவிஞர் மறைக்காமல் குறித்துள்ளார். போற்றத்தக்க பண்பு! ஆனால் அந்தப் பெண் பாடிய பாட்டு? கேலிக் மொழி கவிஞருக்குத் தெரியாது. கவிதை உலகெங்கும் பரவியது. பாட்டும் பாடியவளும் பெயரற்றுப் போயினர்.

அதே நாட்டில் பிறந்தவர் இராபர்ட் பர்ன்ஸ் (1759-1796). ஏர் பிடித்த உழவர்; பின்னாளில் சுங்கவரித் துறையில் சிறு பதவி வகித்தவர். பாட்டிகளும் பாட்டாளிகளும் பாடிய துண்டு துணுக்குகளைத் திரட்டி, குறை தீர்த்து, புதியன சேர்த்து உயிர் கொடுத்தார். ஜேம்ஸ் ஜான்சன் என்பவர் 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட 600 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பர்ன்ஸின் கைபட்டவை. பலவற்றில் அவர் தம் பெயரைப் போடவில்லை. நாட்டுப் பாடலுக்கு உழைப்பது தாய்நாட்டுக்குச் செய்யும் தொண்டு என்று கருதிக் கூலியையும் மறுத்தார். அத்தகையவர், 1796 ஜூலையில், கடனுக்காகச் சிறை செல்ல நேருமோ என்று அஞ்சி, பதிப்பாளர் ஒருவரிடம் ஐந்து பவுன் கேட்டுக் கடிதம் எழுதினார். அடுத்த சில நாட்களில் இறந்தார். வயது 37! ஆண்டுப் பிறப்பன்று உலகமே கைகோத்துப் பாடும் 'ஆல்டு லேங் சைன்' அவர் தந்தது. அதையும் ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதியதாகவே அவர் கூறினார். அம்மெட்டைத் தழுவி இரவீந்திரநாத் தாகூர் வங்கமொழியில் ஒரு பாடல் அமைத்தார்.

பெயரை மறைத்தவர் பர்ன்ஸ் மட்டுமல்லர். கரோலினா நெய்ர்ன் (1766-1845) என்னும் சீமாட்டி மீன் விற்கும் பெண்களின் கூவலைக்கூடப் பாட்டாக்கியவர். புனைபெயரில் எழுதினார், கணவருக்கும் தெரிவிக்கவில்லை. அவர் பெயரோடு பாடல்கள் நூலாக வந்தது இறந்த பின்னர், 1846இல். பெண் பாட்டெழுதுவதை உலகம் எப்படி நோக்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி அயர்லாந்துக்கு வருவோம். 1792இல் பெல்பாஸ்ட் நகரில் யாழிசைஞர் விழா ஒன்று நடந்தது. அழிந்துவரும் பழைய இசையைக் காப்பதே நோக்கம். வந்த ஐரிஷ் இசைஞர் பத்துப்பேர். பலர் பார்வை இழந்தவர். அவர்கள் மீட்டியதைக் குறித்துக்கொள்ளும் பணியில் அமர்ந்தவர் எட்வர்டு பன்டிங் என்னும் 19 வயது இளைஞர். நம் வயதினர்தாம்! அவர் அன்று தொடங்கிய வேலையை வாழ்நாள் முழுதும் செய்து, 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவர் திரட்டிய மெட்டுகள் சிலவற்றுக்குச் சொல் அமைத்துப் புகழ் பெற்றவர் தாமஸ் மூர். மூரை அறிந்தோர் பலர். யாழ் மீட்டிய அந்த முதியோரை அறிந்தோர் எத்தனை பேர்?

நம் காலத்திலும் இது நடக்கிறது. 1840களின் பெரும் பஞ்சத்தில் அயர்லாந்தில் பத்து இலட்சம் பேர் மாண்டனர். குழந்தைகளின் பசிக்காகத் தானியம் திருடி நாடு கடத்தப்படும் ஒருவனைப் பாடுவது 'ஆதன்ரை வயல்கள்' என்னும் பாட்டு. 2012 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் ஸ்பெயினிடம் நான்கு கோல்களில் தோற்றுக்கொண்டிருந்த வேளையிலும் ஐரிஷ் மக்கள் அரங்கம் அதிர அதைப் பாடினர். பஞ்ச காலத்துப் பாட்டு என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது 1970களின் இறுதியில் டப்ளின் நகரத்துப் பீட் செயின்ட் ஜான் இயற்றியது!

"பெயர் மறைந்து பாட்டு நிலைப்பதே புலவனுக்குப் பெருமை; மக்கள் சொத்தான பின் பெயர் எதற்கு?" என்று சிலர் வாதிடுவர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பாட்டு எல்லோருக்கும் உரியதுதான். பூட்டி வைக்கும்படி நான் சொல்லவில்லை. ஆனால், தம் பெயரைத் தாமே மறைப்பது அடக்கம். பிறர் பெயரை நாம் விட்டுவிடுவது அலட்சியம். இரண்டும் ஒன்றாகா. மேலும், விட்டுப்போகும் பெயர்கள் யாருடையவை? பெரும்பாலும் ஏழைகள், பெண்கள், எழுத்தறியாதோர் ஆகியோருடையவைதாமே!

பெயர் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் அந்நாடே சான்று தருகிறது. 1953இல் ஹேமிஷ் ஹென்டர்சன் என்னும் அறிஞர் அபர்டீன் நகரில் ஜீனி இராபர்ட்சன் என்ற பெண்ணைத் தேடிச் சென்றார். ஊர் ஊராகத் திரியும் நாடோடிக் குடியில் பிறந்தவர் அவர். அவர் பாட்டுகள் அவர் பெயராலேயே இசைத்தட்டுகளாயின. 1968இல் அரசே விருது வழங்கியது.

கட்டியவர் பெயர் கிடைக்காவிட்டால் என் செய்வது? கவிஞர் யேட்ஸ் வழி காட்டுகிறார். 1889இல் வெளிவந்த தம் பாடல் ஒன்று, பாலிசொடேர் என்னும் சிற்றூரில் ஒரு கிழவி அரைகுறையாக நினைவில் வைத்திருந்த மூன்று அடிகளிலிருந்து உருவானது என்று அவரே எழுதிவைத்தார். அந்த மூதாட்டியின் பெயரையும் எழுதியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

ஆகவே, நண்பர்களே! நம் கல்லூரி மேடையில் யார் எந்த நாட்டுப் பாடலைப் பாடினாலும், இயற்றியவர் பெயரை முதலில் அறிவிப்போம். அது தெரியாவிடின், யாரிடம், எந்த ஊரில் கற்றோம் என்பதையாவது சொல்வோம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.