முதல் எட்டு வாரங்கள் யாருடைய பொறுப்பு?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் தாயகத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் தமிழ் மாணவர்கள் ஸ்தவாங்கர் நகரில் வந்து இறங்குகின்றனர். முன்னைப்போல் பலரல்லர், ஆயினும் வரவு நின்றுவிடவில்லை. அவர்கள் கையில் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் வீட்டார் பட்ட கடனும் இருக்கின்றன. அந்நகரில் அவர்களுக்கு அறிந்த முகம் ஒன்றுமில்லை. அதே நகரில் தமிழ்க் குடும்பங்கள் சொந்த வீட்டில், நிலையான தொழிலில், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களைச் சுவரில் மாட்டி வாழ்கின்றன. இவ்விரு சாராரும் ஒரே பேருந்தில் பயணம் செய்தும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதே இன்றைய நிலை. இந்நிலை வெட்கத்திற்குரியது.

"நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் வந்தோம், அவர்களும் படட்டும்" என்பது இதற்கு வழமையாகக் கூறப்படும் விடை. இந்த விடை வரலாற்றுக்கே முரணானது.

வந்த வழி

நோர்வேத் தமிழரின் வரலாறு 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அன்ரனி இராஜேந்திரம் அவர்களிலிருந்து தொடங்குகிறது. நோர்வே மக்களின் உதவியைத் திரட்டி 1967இல் சீநோர் மீன்பிடி நிறுவனம் தாயகத்தில் உருவாக வழிசெய்தவர் அவர். 1975இல் வேலை தேடி வருவோருக்கு நோர்வே கதவை மூடியபோதும் மாணவருக்கான வழி திறந்தே இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ் இளைஞர்கள் பலர் நுழைந்தது அந்த வழியால்தான். அவர்களை ஏற்றுக்கொண்டவை 'ஃபோல்க்கஹொய்ஸ்கூல' எனப்படும் மக்கள் உயர்பள்ளிகள். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின்னர் பலர் தஞ்சம் கோரினர். பலர் வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் உழைத்து முன்னேறினர்.

அந்த மக்கள் உயர்பள்ளி எத்தகையது என்பதை மூத்தோர் நினைவுகூர வேண்டும். அது தங்கிப் படிக்கும் பள்ளி. பரீட்சை இல்லை, புள்ளிகள் இல்லை. படுக்க அறையும், மூன்று வேளை உணவும், ஒரே மேசையில் அமர்ந்துண்ணும் நோர்வே நண்பர்களும் அங்கே இருந்தனர். தங்குமிடச் செலவுக்காகக் கடன்பட்டவர்கள் பலர் என்பதும் உண்மையே. ஆயினும் வந்திறங்கிய முதல் இரவே ஒரு சமூகம் அவர்களைக் கையேற்றது. மொழி சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழுந்தது. பனியில் எந்தச் சப்பாத்து அணிவது என்பதைச் சொல்லவும் ஓர் ஆள் இருந்தார்.

இன்று வரும் மாணவருக்கு இவற்றுள் ஒன்றும் தானாகக் கிடைப்பதில்லை. கஷ்டத்தைக் கஷ்டத்தோடு ஒப்பிடுவோர், அன்று தம்மைத் தாங்கிய கைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

காகிதங்களின் வாரங்கள்

வந்த மாணவர் முதலில் வதிவிட அட்டைக்காகக் காவல்துறையிடம் நேரம் பெற வேண்டும். தேசிய அடையாள இலக்கத்திற்காக வரித் திணைக்களத்தில் நேரில் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். அந்த இலக்கம் கிடைத்த பின்னரே வங்கிக் கணக்கு எளிதாகிறது. வங்கிக் கணக்கிற்குப் பின்னரே 'பாங்க்-ஐடி' என்னும் மின்னடையாளம் வருகிறது. நோர்வேயில் அது இல்லாதவர் பாதி மனிதர். அரச சேவைகள் பலவற்றின் இணையக் கதவு அவருக்குத் திறப்பதில்லை. இவை முடிய வாரக்கணக்கில் ஆகும்.

வதிவிட அனுமதிக்காக ஆண்டொன்றுக்கு ஒன்றரை இலட்சம் குரோணருக்கும் மேற்பட்ட வாழ்க்கைச் செலவுப் பணம் காட்டப்பட வேண்டும். மாணவர் பலர் அதனைப் பல்கலைக்கழகத்தின் வைப்புக் கணக்கில் செலுத்திவிட்டு வருகின்றனர். அப்பணம் கைக்குத் திரும்ப நோர்வே வங்கிக் கணக்கு வேண்டும். ஆகவே, காகிதத்தில் பணமுள்ள மாணவர் செப்டெம்பர் மழையில் பையில் காசின்றி நிற்க நேர்கிறது. அந்த வாரங்களில்தான் அவர் எந்த வேலைக்கும், எந்த அறைக்கும், எந்த நிபந்தனைக்கும் தலையசைக்கிறார்.

இந்த இடத்தில்தான் சுரண்டல் நுழைகிறது. சுரண்டுவோருள் தமிழரும் உளர் என்பதை மறைப்பதால் சமூகத்தின் மானம் காக்கப்படாது. அறைக்கான முற்பணத்தைக் கையில் வாங்கி, எழுத்தில் ஒப்பந்தம் தராதவர் சட்டத்தை மீறுகிறார். நோர்வேயின் வாடகைச் சட்டப்படி முற்பணம் ஆறு மாத வாடகையை மிஞ்சக்கூடாது. அது வாடகையாளர் பெயரிலான தனி வங்கிக் கணக்கிலேயே வைக்கப்பட வேண்டும். அவ்வாறே, துப்புரவுத் துறையில் 2011 முதலும் தங்குவிடுதி, உணவகத் துறையில் 2018 முதலும் ஆகக்குறைந்த ஊதியம் சட்டபூர்வமாக்கப்பட்டுள்ளது. "நம்ம பிள்ளைதானே" என்று அதற்குக் கீழ் கூலி கொடுப்பது உதவி அன்று, திருட்டு. கல்விப் பருவத்தில் வாரத்திற்கு இருபது மணிநேரம் என்ற வரம்பை மீறிக் கறுப்பில் வேலை வாங்குவோர் அம்மாணவரின் வதிவிட அனுமதியையே பணயம் வைக்கின்றனர். அகப்பட்டால் நாடு திரும்புபவர் முதலாளி அல்லர்.

எண்ணெய் நகரின் மறுபக்கம்

தாயகத்திலும் தமிழகத்திலும் உள்ள சில கல்வி முகவர்கள் ஸ்தவாங்கரை எண்ணெய்ப் பணம் கொட்டும் நகராகக் காட்டுகின்றனர். 1969இல் எக்கோபிஸ்க் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டதும், 1972இல் அரசு எண்ணெய் நிறுவனம் இங்கே தலைமையகம் கொண்டதும் உண்மை. 2014இல் எண்ணெய் விலை சரிந்தபோது இந்த நகரிலேயே பொறியியலாளர் பெருந்தொகையாக வேலையிழந்ததும் உண்மையே. இரண்டாவது உண்மையை முகவர் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் முதுகலை முடிக்கலாம். ஆனால் நோர்வே மொழி இன்றிப் பெரும்பாலான வேலைகளின் வாசல் திறவாது. இதனை ஊரில் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் தந்தைக்கு, அந்தக் கையெழுத்துக்கு முன்னர் தொலைபேசியில் எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் இங்குள்ள தமிழர்களே.

அதற்கு மேலாக, 2023 இலையுதிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்திற்கும் சுவிற்சர்லாந்துக்கும் வெளியேயிருந்து வரும் புதிய மாணவரிடம் நோர்வேயின் அரச பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் அறவிடத் தொடங்கின. ஒஸ்லோவில் வளர்ந்த பிள்ளைக்குப் பருவப் பதிவுக் கட்டணம் மட்டுமே. யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ வளர்ந்த அதே பேரனுக்குப் பெருந்தொகை. நோர்வே மாணவர் ஒன்றியம் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தது. இலவசக் கல்விக்காக வந்து நிலைகொண்ட சமூகம் அதைவிட உரத்துப் பேசக் கடமைப்பட்டது. சட்ட மாற்றங்களுக்கு நோர்வேயில் பொதுக் கருத்துக் கோரப்படும்போது எந்த அமைப்பும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். 2015இல் ஒஸ்லோவின் துணை நகர முதல்வராகவும் 2021இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் கம்சாஜினி குணரத்தினத்தைக் கண்ட சமூகம் "எங்களுக்குக் குரலில்லை" என்று சொல்ல முடியாது.

செய்யவேண்டியவை

இவற்றுக்குப் பெருநிதியோ புதுக் கட்டடமோ தேவையில்லை. விழாவுக்கு மண்டபம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது பாரமன்று.

பெற்றோர்: ஜூலை முடிவதற்குள், எழுத்திலான ஒப்பந்தத்துடனும் நியாயமான வாடகையுடனும் முதல் மாதத்திற்கு அறை தரக்கூடிய வீடுகளின் பட்டியலொன்றைத் தயாரிக்க வேண்டும். காவல்துறைக்கும் வரித் திணைக்களத்திற்கும் வங்கிக்கும் ஒருவர் கூடச் செல்ல வேண்டும். அதற்கு வேண்டியது ஓரிரு நாள் விடுப்பு மட்டுமே.

இளையோர்: இவர்களுக்கு நோர்வே மொழி தாய்ப்பால் போன்றது. புதுமுக வாரத்தில் மூலையில் நிற்கும் தமிழ் மாணவரைத் தம் நண்பர் குழுவிற்குள் அழைத்துச் செல்ல இவர்களாலேயே முடியும். அவர் பேசும் ஆங்கிலத்தின் ஒலியைக் கண்டு சிரிப்பவர், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் தம் தந்தையின் நோர்வே மொழியைக் கேட்டுச் சிரித்தவர்களின் பக்கம் சேர்கிறார்.

அமைப்புகள்: அவசர மருத்துவ உதவிக்கு 113, இரவு மருத்துவருக்கு 116117 என்பதிலிருந்து வாடகைச் சட்டம் வரை ஒரே தாளில் தமிழில் அச்சிட வேண்டும். அத்தாள் விமானம் ஏறுமுன் மாணவர் கைக்குச் சேர வேண்டும். ஒஸ்லோவிலிருந்து எட்டு மணிநேர ரயில் தூரத்திலுள்ள ஸ்தவாங்கர், தலைநகரத்துக் கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலிலும் இடம்பெற வேண்டும்.

தமிழின் பெருமையை மேடையில் முழங்குவது எளிது. மேடைக்கு வெளியே, மழையில், ஒரு முகவரித் துண்டோடு நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்குக் கதவைத் திறப்பதே அந்த முழக்கத்தின் உரைகல். அடுத்த ஆகஸ்ட் தொலைவில் இல்லை.