எர்ரகட்டா என்னும் வசவு

சென்னையில் கீழ்ப்பாக்கம், ஹைதராபாத்தில் எர்ரகட்டா. அரசு மனநல மருத்துவமனை இருக்கும் பகுதியின் பெயரே வசவாகிவிட்டதால், மனச்சோர்வு உள்ளவர்கள் சிகிச்சை என்றாலே கூசுகிறார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (பெயர்தான் மிரட்டுகிறது) ஆஸ்பத்திரிக் கட்டில்கூடத் தேவையில்லை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய முறை இது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று மனதில் ஓடுவதைத் தாளில் எழுதி, அதற்கு என்ன ஆதாரம் என்று சிகிச்சையாளரோடு சேர்ந்து விசாரிக்க வேண்டும். விட்டுப்போன அன்றாட வேலைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும்.

விசாரணை எந்த மொழியில்? தெலுங்கில் சரளமாகப் பேரம் பேசும் தமிழருக்கும் மனதுக்குள் ஓடுவது பெரும்பாலும் தமிழ்தான். சிகிச்சையாளரைத் தேடும்போது இதையும் கேளுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம். அது முழுச் சிகிச்சை அல்ல. ஆனால் அடுத்து எங்கே போவது என்று கேட்கலாம்.