பீதருக்கு ஒரு நடை

ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் கோட்டை கோட்டையாக உலாவிவருவோரை நாம் வியக்கிறோம். ஐதராபாத்திலிருந்து ஜஹீராபாத் வழியே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீதரையோ எட்டியும் பார்ப்பதில்லை. விடுமுறை என்றால் ஊருக்கு ரயிலேறுவதே நம் வழக்கமன்றோ!

பாமினி சுல்தான்களின் அந்தக் கோட்டை பெரிதுதான். ஆயினும் நம் நெஞ்சைத் தொட்டது மகமூது கவான் 1472இல் கட்டிய கல்விக்கூடமே. பாரசீகத்திலிருந்து வணிகராக வந்து அமைச்சரானவர் அவர். பொய்க் கடிதமொன்றை நம்பிய சுல்தான் 1481இல் அவரைக் கொல்வித்தான். பிழைக்க வந்த ஊரில் பள்ளியெழுப்பி மூவாயிரம் சுவடிகள் சேர்த்தவருக்கு இதுவா கைம்மாறு? 1696இல் வெடிமருந்து வெடித்து ஒரு பகுதி இடிந்தது. எஞ்சிய ஒற்றை மினாரில் நீல ஓடுகள் இன்னும் மின்னுகின்றன.

கடைத்தெருவில் பித்ரிக் கலங்களில் வெள்ளிக்கம்பி பதிக்கிறார்கள். அவற்றுக்குக் கருமையேற்றுவது கோட்டை மண்ணே. குழந்தைகள் அங்கிருந்து நகர மறுப்பர். மாலைவரை பொழுது ஒதுக்கிச் செல்க.