முதல் மாதமே கைகொடுக்கும்!

கல்லூரிப் பிள்ளைகள் பலரின் செல்போனில் இப்போது ‘என்பிடெல்’ பாடங்கள் ஓடுகின்றன. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் இந்தப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம்; சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பல கல்லூரிகள் இதை கிரெடிட்டாகவும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

‘வீடியோதானே, பரீட்சை நெருங்கும்போது பார்த்துக்கலாம்’ என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலான பாடங்களில் 100 மதிப்பெண்ணில் 75 தேர்வுக்கு, 25 வாராந்திர அசைன்மென்ட்டுக்கு. அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். தேர்வில் 70 வாங்கினாலும் அசைன்மென்ட்டில் 9 என்றால் சான்றிதழ் கிடையாது!

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். அதாவது, 4 வாரம் தவறினாலும் பரவாயில்லை. ஆனால், அந்தச் சலுகையை முதல் மாதத்திலேயே தீர்த்துவிட்டால், பிறகு காய்ச்சலோ, செமஸ்டர் தேர்வோ, ஊர்த் திருவிழாவோ வரும்போது கையில் மிச்சம் இருக்காது. முதல் 4 வாரத்தை ஒழுங்காக முடித்தவருக்கோ கடைசி வரை பதற்றமில்லை.

தொடங்கும்போதே செய்ய வேண்டியவை:

* பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டின் கடைசித் தேதியையும் வீட்டு காலண்டரில் குறித்து வைக்கவும்.

* பல பாடங்களில் ‘அசைன்மென்ட் 0’ இருக்கும். அதற்கு மதிப்பெண் இல்லை; அடிப்படை தெரிகிறதா என்று பார்க்கத்தான். அதிலேயே திணறினால், சேர்க்கை முடிவதற்குள் எளிதான பாடத்துக்கு மாறிவிடலாம்.

* கல்லூரி வைஃபையில் வீடியோவை டவுன்லோடு செய்துகொண்டால் வீட்டில் டேட்டா தீராது.

* அசைன்மென்ட்டைக் கடைசி நாள் இரவுக்குத் தள்ள வேண்டாம். நெட் கட்டானால் அந்த வாரம் போச்சு.

* ஒரே பாடத்தில் சேர்ந்த இரண்டு மூன்று நண்பர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசினால், புரியாதது அங்கேயே தெளிந்துவிடும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. ‘எப்பப் பாரு போனா?’ என்று அதட்டுவதைவிட, ‘இந்த வாரம் அசைன்மென்ட் முடிச்சாச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரே போன்தான் என்றால், தினமும் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைக்கென ஒதுக்கிக் கொடுங்கள். வகுப்பறையில் பெயர் கூப்பிட ஆசிரியர் இருக்கிறார். இங்கே அதை வீடுதான் செய்ய வேண்டும்.